4 மீட்டர் கீழே இறங்கிய தீவுமுனை; பக்கத்திலேயே 3.5 லட்சம் பேருக்குத் திட்டம்! அந்தமான் நிக்கோபாரில் யார், எங்கே, ஏன் வாழ்கிறார்கள்?

சேலம் மாநகராட்சியில் சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி என நான்கு மண்டலங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநகராட்சியில் இருந்தவர்கள் சுமார் 8.29 லட்சம் பேர். சராசரி போட்டால் ஒரு மண்டலத்துக்கு இரண்டு லட்சம். அதே கணக்கெடுப்பில் அந்தமான் நிக்கோபார் தீவுகள் முழுவதிலும் இருந்தவர்கள் 3,80,581 பேர்தான். அம்மாபேட்டையோடு இன்னொரு மண்டலத்தையும் சேர்த்தால் அந்த யூனியன் பிரதேசமே அடங்கிவிடும்!

பரப்பளவு மட்டும் நேர் எதிர். சேலம் மாநகராட்சி 91 சதுர கி.மீ. சொச்சம். தீவுகள் 8,249 சதுர கி.மீ. சேலத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு சுமார் 9,000 பேர் என்றால், அந்தமான் நிக்கோபாரில் 46 பேர். நிக்கோபார் மாவட்டத்தை மட்டும் தனியாக எடுத்தால் வெறும் 20 பேர்.

'இவ்வளவு இடம் சும்மா கிடக்கே, ஆட்களைக் குடியேத்தினா என்ன?' என்ற கேள்வி யாருக்கும் வரும். மத்திய அரசுக்கும் வந்திருக்கிறது. தெற்குக் கோடியில் உள்ள கிரேட் நிக்கோபார் தீவில் துறைமுகம், விமான நிலையம், நகரம் எல்லாம் கட்டி, அடுத்த 30 ஆண்டுகளில் சுமார் 3.5 லட்சம் பேர் வாழும் இடமாக மாற்றுவதுதான் திட்டம். 2011-ல் அந்தத் தீவில் இருந்தவர்கள் 8,067 பேர். அதாவது 40 மடங்குக்கும் மேல்.

அந்த இடம் ஏன் இத்தனை நாள் காலியாக இருந்தது, 2004 டிசம்பர் 26-ம் தேதி அங்கே என்ன நடந்தது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் இந்த எண்ணிக்கை எவ்வளவு பெரிய விஷயம் என்பது புரியும்.

836 தீவுகள், ஆள் இருப்பது 31-ல்

சின்னச் சின்னத் திட்டுகள், பாறைகள் எல்லாம் சேர்த்து அந்தமான் நிக்கோபாரில் 836 தீவுகள் என்கிறது அரசுக் கணக்கு. மக்கள் வசிப்பது 31-ல் மட்டும். அந்த 31-லும் கூட்டம் சமமாகப் பிரிந்து கிடக்கவில்லை. போர்ட் பிளேர் (2024 செப்டம்பரில் இருந்து ஸ்ரீ விஜயபுரம்) இருக்கும் தெற்கு அந்தமான் மாவட்டத்தில் மட்டும் 2.38 லட்சம் பேர். மொத்தத்தில் 60 சதவீதத்துக்கு மேல். வடக்கு மற்றும் மத்திய அந்தமானில் 1.05 லட்சம். நிக்கோபார் மாவட்டத்தில் 36,842. நிலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நிக்கோபாருக்கு, ஆட்களில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

காரணம் ஒன்று காடு. தீவுகளின் நிலத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் காடாகப் பதிவாகியிருக்கிறது. அதில் ஒரு பகுதி பழங்குடி மக்களுக்கான காப்புப் பகுதி, வெளியாட்கள் போக முடியாது. இரண்டாவது காரணம் வரலாறு. இந்தத் தீவுகளில் இன்று இருக்கும் ஊர்களில் பல தானாக வளர்ந்தவை கிடையாது. யாரோ ஒரு அரசு, ஏதோ ஒரு தேவைக்காக ஆட்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கிவிட்ட இடங்கள்.

முதலில் இறக்கியது பிரிட்டிஷ் அரசு. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு, 1858 மார்ச்சில் கைதிகளைக் கொண்டுபோய் போர்ட் பிளேரில் விட்டார்கள். செல்லுலார் சிறை எல்லாம் பிறகு, 1906-ல்தான் கட்டி முடிந்தது. நாடு பிரிந்தபின் கிழக்கு வங்காளத்தில் இருந்து வந்த அகதிக் குடும்பங்களுக்கு 1949-ல் இருந்து நிலம் கொடுத்துக் குடியேற்றினார்கள். இன்று சுற்றுலா விளம்பரங்களில் வரும் ஹேவ்லாக், நீல் தீவுகள் அப்படி உருவான ஊர்கள்தான். தீவுகளில் அதிகம் பேர் பேசும் மொழி வங்காளமாக இருப்பதும் அதனால்தான்.

தமிழர்கள்? 2011 கணக்கில் சுமார் 15 சதவீதம். வங்காளம், இந்திக்கு அடுத்த இடம் தமிழுக்கு. வியாபாரம், துறைமுக வேலை, கட்டட வேலை, அரசு வேலை என்று போனவர்களும் அவர்களின் பிள்ளைகளும்தான் அதிகம். போர்ட் பிளேரில் பஸ்ஸில் ஏறினால் தமிழ் காதில் விழாமல் இறங்க முடியாது என்பார்கள்.

இன்னொரு கூட்டமும் உண்டு, அவர்களைப் பற்றித் தமிழ்நாட்டில் பேசுவது குறைவு. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கை மலையகத் தோட்டங்களில் இருந்து லட்சக்கணக்கான தமிழர்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். நீலகிரிக்குப் போனவர்கள் நமக்குத் தெரியும். அவர்களில் ஒரு பகுதியினர் நிக்கோபாரின் கச்சால் தீவுக்கு, ரப்பர் தோட்ட வேலைக்காக அனுப்பப்பட்டார்கள். மலையில் தேயிலை பறித்தவர்கள், நடுக்கடல் தீவில் ரப்பர் பால் வெட்டப் போனார்கள்.

கிரேட் நிக்கோபாரில் 1969-ல் தொடங்கிய குடியேற்றம் வேறு வகை. எல்லையில் நம் ஆட்கள் இருக்க வேண்டும் என்று முன்னாள் ராணுவ வீரர்களின் குடும்பங்களுக்கு நிலம் கொடுத்தார்கள். 300-க்கும் மேற்பட்ட குடும்பங்கள். பஞ்சாபில் இருந்து நிறையப் பேர், தமிழ்நாடு, கேரளா, மகாராஷ்டிரா, ஆந்திராவில் இருந்தும் போனார்கள். காந்தி நகர், சாஸ்திரி நகர், கோவிந்த் நகர், ஜோகிந்தர் நகர், விஜய் நகர், லட்சுமி நகர் என்று அவர்களுக்காகக் கிழக்குக் கடற்கரையை ஒட்டி ஊர்கள் எழுந்தன. ஊர்ப் பெயர்களைப் பார்த்தால் ஏதோ வட இந்திய டவுன் மாதிரி இருக்கும். சுமத்ரா அங்கிருந்து 150 கி.மீ. சுமார் தூரம்தான். சென்னை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல்.

ஏன் இங்கே மட்டும் இவ்வளவு ஆட்டம்?

மேஜை ஓரத்தில் பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்து நுனியை விரலால் கீழே அழுத்துங்கள். வளையும், வளையும், ஒரு கட்டத்தில் விரல் வழுக்கிவிடும். ஸ்கேல் 'சடக்' என்று மேலே துள்ளும். அந்தமான் கடலுக்கு அடியில் நடப்பது கிட்டத்தட்ட இதுதான்.

இந்தியாவைச் சுமந்திருக்கும் நிலத்தட்டு, அந்தமான் - சுமத்ரா பகுதியைச் சுமந்திருக்கும் சிறிய தட்டுக்கு அடியில் மெதுவாக நுழைந்துகொண்டிருக்கிறது. ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வேகம். இரண்டு தட்டும் ஒன்றோடு ஒன்று சிக்கிக்கொண்டு, மேல்தட்டின் விளிம்பு கீழே இழுபட்டபடியே இருக்கும். நூற்றாண்டுக்கணக்கில் சேர்ந்த அழுத்தம் ஒருநாள் விடுபடும். துள்ளி எழும் கடல்தரை மேலே உள்ள தண்ணீரையும் சேர்த்துத் தூக்கும். அதுதான் சுனாமி.

இந்தத் தட்டு விளிம்பு தீவுகளுக்கு மேற்கே, வடக்கு தெற்காகக் கூடவே ஓடுகிறது. அதனால்தான் நிலநடுக்க வரைபடத்தில் அந்தமான் நிக்கோபார் முழுவதும் 5-வது மண்டலம். சேலம் 2002-ல் வந்த வரைபடத்தில் 3-வது மண்டலம், மிதமான ஆபத்து.

2004 ஒன்றும் முதல் தடவை அல்ல. 1881 டிசம்பர் 31-ல் கார் நிக்கோபாருக்குப் பக்கத்தில் பெரிய நிலநடுக்கம். 1941 ஜூன் 26-ல் அந்தமானில் இன்னொன்று. பிரிட்டிஷ்காரர்கள் தலைமையிடமாக வைத்திருந்த ராஸ் தீவுக் கட்டடங்கள் அதில் விரிசல் விட்டன. பால்ரூம், சர்ச், டென்னிஸ் கோர்ட் என்று ராஜபோகமாக இருந்த தீவு அது. இன்று சுற்றுலாப் பயணிகள் ஆலமர வேர்களுக்கு நடுவே போட்டோ எடுக்கும் இடிபாடு.

எரிமலையும் உண்டு. இந்தியாவில் இன்னும் உயிரோடு இருக்கும் ஒரே எரிமலை, போர்ட் பிளேருக்கு வடகிழக்கே உள்ள பேரன் தீவு. 150 ஆண்டுகளுக்கு மேல் தூங்கிவிட்டு 1991-ல் மறுபடி புகைந்தது. அங்கே ஆள் யாரும் கிடையாது என்பதால் இந்தக் கட்டுரையில் அதற்கு இவ்வளவு இடம் போதும்.

காலை 6.28

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை 6.28 மணியைத் தாண்டியதும் சுமத்ராவின் வடக்கு முனைக்கு மேற்கே கடல்தரை உடைந்தது. ரிக்டர் என்று நாம் பொதுவாகச் சொல்லும் அளவில் 9.1-க்கு மேல். உடைப்பு ஒரே இடத்தோடு நிற்கவில்லை. அங்கிருந்து வடக்கு நோக்கி நிக்கோபார், அந்தமான் என்று 1,200 கி.மீ.க்கு மேல் கிழிந்துகொண்டே போனது. அந்தக் கிழிசலுக்கு மேலேயே இருந்தவை இந்தத் தீவுகள்.

சென்னைக் கடற்கரைக்கு அலை வர சுமார் இரண்டரை மணி நேரம் ஆனது. அன்று எச்சரிக்கை அமைப்பு எதுவும் இல்லாததால் அந்த இரண்டரை மணி நேரம் வீணாகிப்போனது, மெரினாவிலும் நாகப்பட்டினத்திலும் என்ன நடந்தது என்பது தமிழ்நாட்டுக்குத் தெரியும். நிக்கோபாரில் கதையே வேறு. நில அதிர்வு நின்று மூச்சு விடுவதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. எச்சரிக்கை கருவி இருந்திருந்தாலும் சில நிமிடங்கள்தான் மிச்சம்.

அலையோடு முடிந்திருந்தால்கூட மக்கள் திரும்பிவந்து வீடு கட்டியிருக்கலாம். இங்கே நிலமே இறங்கிவிட்டது. தட்டு விளிம்புக்குப் பக்கத்தில் இருந்த பகுதி மேலே எழும்ப, கொஞ்சம் தள்ளி இருந்த பகுதி கீழே தாழ்ந்தது. வடக்கு அந்தமான் பக்கம் கடலுக்குள் இருந்த பவளப்பாறைகள் வெளியே வந்து வெயிலில் காய்ந்து செத்தன. போர்ட் பிளேர் சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்தது. அதன் பக்கத்தில் உள்ள சிப்பிகாட்டில் நெல் விளைந்த வயல்களுக்குள் கடல்நீர் வந்து அப்படியே தங்கிவிட்டது. இப்போது அங்கே பறவை பார்க்கப் போகிறார்கள்.

நிக்கோபார்தான் ரொம்பத் தாழ்ந்தது. கிரேட் நிக்கோபாரின் தென்முனை, இந்திரா முனை, நாட்டின் கடைசிப் புள்ளி. அங்கே நிலம் 4 மீட்டருக்கும் மேல் இறங்கியது. கிட்டத்தட்ட ஒரு மாடி உயரத்துக்கும் அதிகம். கரையில் நின்ற கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடலுக்குள் போனது. விளக்கு மட்டும் தண்ணீருக்கு நடுவே நிற்கும் அந்தப் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

அந்தமான் நிக்கோபாரில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்ந்து மூவாயிரத்துக்கும் அதிகம், அதில் மிகப் பெரும்பாலானோர் நிக்கோபார்க்காரர்கள். தமிழ்நாட்டில் இறந்த சுமார் 8,000 பேரோடு ஒப்பிட்டால் எண்ணிக்கை சிறிதாகத் தெரியலாம். ஆனால் அன்று நிக்கோபாரில் இருந்ததே 42,000 பேர்தான். சுமார் பதினாலு பேரில் ஒருவர்.

தேங்காய் இருந்த இடத்தில்தான் வீடும் இருந்தது

நிக்கோபாரில் இத்தனை பேர் சாகக் காரணம் அலை மட்டும் அல்ல, ஊர்கள் இருந்த இடமும்தான். நிக்கோபாரிகளின் வாழ்க்கை தென்னை, பன்றி, படகு என்ற மூன்றைச் சுற்றி. மூன்றும் கடற்கரையில். கார் நிக்கோபார் தட்டையான தீவு, ஊர்கள் எல்லாம் கரையோரம் வரிசையாக இருந்தன. கால்களின் மேல் நிற்கும் வட்ட வீடுகளில், 'துஹெட்' என்ற பெரிய கூட்டுக்குடும்பமாக வாழ்ந்தார்கள். அலை வந்தபோது ஒரு குடும்பத்தில் நாலைந்து பேர் என்று போகவில்லை, மூன்று தலைமுறை சேர்ந்து போனது. அதே தீவில் விமானப்படைத் தளமும் கரையில்தான் இருந்தது. வீரர்களும் குடும்பத்தினருமாக 100-க்கும் மேற்பட்டோர் அங்கே இறந்தார்கள்.

கச்சாலில் அடி இன்னும் பெரியது. 2001-ல் ஐயாயிரத்தைத் தாண்டியிருந்த அந்தத் தீவின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் சுமார் பாதியாகக் குறைந்துவிட்டது. நிக்கோபாரிகளும், அந்த ரப்பர் தோட்டத் தமிழர்களும் இருந்த தீவு அது. இலங்கையில் இருந்து ஒரு ஒப்பந்தம் கிளப்பியது, கச்சாலில் கடல் கிளப்பியது.

இதே நாளில், இதே அலையில் பெரிய சேதம் இல்லாமல் தப்பியவர்களும் இருக்கிறார்கள். கிரேட் நிக்கோபாரின் உள்காட்டில், ஆற்றோரங்களில் வாழும் ஷோம்பென் மக்கள் கடற்கரையில் ஊர் கட்டுவதில்லை. 2011 கணக்கில் அவர்கள் 229 பேர். லிட்டில் அந்தமானில் சுமார் 100 பேர் மட்டுமே இருக்கும் ஓங்கே மக்கள் கரைக்குப் பக்கத்தில்தான் இருந்தார்கள். ஆனால் நிலம் ஆடியதும் மேட்டுக்கு ஏறிவிட்டார்கள். பிழைத்தார்கள்.

சுமத்ராவுக்கு மேற்கே உள்ள சிமலூ தீவில் இன்னும் ஆச்சரியம். 2004 நிலநடுக்கம் தொடங்கிய இடத்துக்கு மிக அருகில் இருந்த தீவுகளில் அதுவும் ஒன்று. மக்கள்தொகை சுமார் 78,000. சுனாமியில் இறந்தவர்கள் 7 பேர்! 1907-ல் அங்கே ஒரு சுனாமி வந்து நிறையப் பேரைக் கொன்றது. அதற்குப் பிறகு 'ஸ்மோங்' என்று அதற்கு ஒரு பெயர் வைத்து, 'நிலம் பலமாக ஆடினால், கடல் உள்வாங்கினால், மலைக்கு ஓடு' என்று பாட்டிகள் பேரப்பிள்ளைகளுக்குத் தாலாட்டாகவும் கதையாகவும் சொல்லிவந்திருக்கிறார்கள். நூறு ஆண்டுக்குப் பிறகு அது வேலை செய்தது. கடற்கரையில் வாழ்வதே தப்பு என்று சொல்லிவிட முடியாது, ஓட ஒரு மேடும் ஓடணும் என்ற ஞாபகமும் இருந்தால் போதும் என்பதற்கு சிமலூ ஒரு சாட்சி. ஆனால் அந்த ஞாபகம் பரம்பரையாக அங்கேயே வாழ்பவர்களுக்குத்தான் இருக்கும். புதிதாக வேலைக்கு வந்து இறங்குபவருக்கு யாராவது சொல்லித்தரணும்.

ஒரு மாவட்டம் சுருங்கியது எப்படி?

2001-ல் நிக்கோபார் மாவட்டத்தில் 42,068 பேர். 2011-ல் 36,842. பத்து ஆண்டில் 12 சதவீதத்துக்கும் மேல் குறைவு. இந்தியாவில் ஒரு மாவட்டத்தின் மக்கள்தொகை கூடும் வேகம் குறைவது சகஜம், ஆளே குறைவது அபூர்வம். இதில் இன்னொன்றையும் கவனிக்கணும். குறைந்தது ஐயாயிரத்துக்கும் மேல். சுனாமியில் போனவர்கள் அதைவிடக் குறைவு. பத்து ஆண்டில் பிறந்த குழந்தைகளையும் கணக்கில் சேர்த்தால், உயிரோடு இருந்தவர்களிலும் ஆயிரக்கணக்கானோர் தீவை விட்டுக் கிளம்பியிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

தீவு மொத்தமும் காலியானதும் உண்டு. டிரிங்கெட் தீவு துண்டுதுண்டாகக் கடலுக்குள் போனது. அங்கே இருந்தவர்கள் பக்கத்து கமோர்டாவுக்கு மாற்றப்பட்டார்கள். கொண்டுல், பொம்போகா போன்ற சின்னத் தீவுகளில் இருந்தும் மக்களைக் கிளப்பிப் பெரிய தீவுகளுக்குக் கொண்டுபோனார்கள். சௌரா மக்களைத் தெரசா தீவில் கொண்டுபோய் வைத்தார்கள். அவர்கள் கேட்கவில்லை, பிறகு சொந்தத் தீவுக்கே திரும்பிவிட்டார்கள்.

கார் நிக்கோபாரில் கரையில் இருந்த ஊர்களை உள்ளே தள்ளிக் கட்டினார்கள். முதலில் தகரக் கொட்டகை. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில், வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே குடும்பம் நடத்துவது எப்படி இருக்கும் என்று சேலத்து சித்திரை வெயிலைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிறகு நிரந்தர வீடுகள் வந்தன. ஆனால் அவை தனித்தனிக் குடும்பத்துக்கான வீடுகள். ஒரு துஹெட் முழுக்க ஒன்றாகப் படுத்து, ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்ட வீடு அல்ல. அழிந்த தென்னை மறுபடி காய்க்கவும் பல வருஷம் ஆகும். பாதுகாப்பு கூடியது, பிழைப்பு தள்ளிப்போனது. இந்த இரண்டையும் ஒரே இடத்தில் கொடுக்க மறுவாழ்வுத் திட்டங்களால் முடியவில்லை.

தமிழ்நாட்டுக்கு இது புதுசு அல்ல. 1964 டிசம்பர் 22-ம் தேதி இரவு, பாம்பன் தீவின் கிழக்கு நுனியில் இருந்த தனுஷ்கோடியைப் புயலும் கடல் எழுச்சியும் சேர்ந்து அடித்தன. பாம்பனில் இருந்து போன பயணிகள் ரயில் அப்படியே மூழ்கியது. ஸ்டேஷன், சர்ச், தபால் ஆபீஸ் எல்லாம் போன பிறகு, மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. அதே தீவில் ராமேஸ்வரம் வளர்ந்தது, தனுஷ்கோடி காலியானது. ஆனாலும் மீனவக் குடும்பங்கள் இன்றும் அங்கே குடிசை போட்டுத்தான் இருக்கின்றன, மீன் அங்கேதானே இருக்கிறது! 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலையும் வந்துவிட்டது.

புயலும் தண்ணீரும்

அக்டோபர், நவம்பர் வந்தால் 'அந்தமான் கடல் பகுதியில் புதிய காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி' என்ற செய்தி எல்லா சேனலிலும் ஓடும். நமக்கு அது மழை வரும் முன் அறிவிப்பு. தீவுக்காரர்களுக்கு அது கப்பல் நிற்கும் அறிவிப்பு. 2016 டிசம்பரில் அப்படி உருவான ஒன்றால் ஹேவ்லாக், நீல் தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் நாள்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். கடற்படை போய்த்தான் மீட்டது. அதே புயல்தான் டிசம்பர் 12-ம் தேதி 'வர்தா'வாக வந்து சென்னையில் மரங்களைப் பிடுங்கிப்போட்டது.

ஆண்டுக்கு 3,000 மி.மீ. அளவில் மழை கொட்டினாலும், கோடை வந்தால் போர்ட் பிளேரில் குடிதண்ணீருக்குத் தட்டுப்பாடு. ஒரு லட்சத்துக்கும் மேல் ஆள் இருக்கும் நகரத்துக்கு முக்கிய ஆதாரம் தனிக்காரி அணை ஒன்றுதான். சின்னத் தீவில் பெய்த மழை மறுநாளே கடலுக்குப் போய்விடும், மேட்டூர் மாதிரித் தேக்கிவைக்க இடம் கிடையாது.

சரி, இப்போது கிரேட் நிக்கோபார்

திட்டம் இதுதான். கலாத்தியா விரிகுடாவில் பெரிய சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகம், புதிய விமான நிலையம், மின் நிலையம், நகரம். நிதி ஆயோக் முன்னெடுத்த திட்டம், 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. ஆரம்ப மதிப்பீடு 72,000 கோடி ரூபாய். சுமார் 130 சதுர கி.மீ. காடு இதற்காக எடுக்கப்படும். அதாவது சேலம் மாநகராட்சியைவிடப் பெரிய காடு.

அரசு சொல்லும் காரணத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. மலாக்கா நீரிணைக்குப் போகும் உலகத்தின் பரபரப்பான கப்பல் பாதை இந்தத் தீவுக்கு மிக அருகில் போகிறது. இந்தியாவுக்காக வழியில் கப்பல் மாறும் சரக்குப் பெட்டகங்களில் பெரும்பங்கு கொழும்பு, சிங்கப்பூர் போன்ற வெளிநாட்டுத் துறைமுகங்களில்தான் மாறுகிறது. அந்த வருமானமும், அந்தக் கடலைக் கண்காணிக்கும் வசதியும் வேண்டும் என்பதுதான் வாதம். பாதுகாப்பு ரீதியாக ஆள் இல்லாத தீவைவிட ஆள் இருக்கும் தீவு நல்லது என்று 1969-ல் நினைத்ததையே இப்போதும் நினைக்கிறார்கள், அளவுதான் வேறு.

எதிர்ப்பவர்கள் கடலாமை, காடு, பழங்குடி உரிமை என்று பல காரணம் சொல்கிறார்கள். கலாத்தியா கடற்கரை, தோல்முதுகு ஆமை என்ற ராட்சத கடலாமை முட்டையிட வரும் முக்கிய இடம். அதெல்லாம் தனிக் கட்டுரைக்கான விஷயம். இங்கே பார்க்க வேண்டியது ஒன்றை மட்டும்: கலாத்தியா விரிகுடா இருப்பது, 4 மீட்டர் தாழ்ந்த அந்த இந்திரா முனைக்குப் பக்கத்திலேயே.

'இனி எப்போ வரும்?' என்ற கேள்விக்குத் திட்டத்தின் சுற்றுச்சூழல் அறிக்கை ஒரு பதில் வைத்திருக்கிறது. 2004 போன்ற 9.2 அளவு நிலநடுக்கம் மறுபடி வர 420 முதல் 750 ஆண்டுகள் ஆகலாம், 7.5-க்கு மேற்பட்டது 80 முதல் 120 ஆண்டுக்கு ஒருமுறை வரலாம் என்கிறது அது. முதல் எண்ணைக் கேட்டால் நிம்மதியாக இருக்கும். இரண்டாவது எண்ணைக் கொஞ்சம் நின்று படிக்கணும். 80 ஆண்டு என்பது ஒரு மனிதனின் ஆயுள், ஒரு துறைமுகத்தின் ஆயுளும்கூட. அதோடு இவை சராசரிகள். 1881-ல் நிக்கோபார், 1941-ல் அந்தமான், 2004-ல் எல்லாம் சேர்த்து. கடல்தரை காலண்டர் பார்த்து ஆடுவதில்லை.

எச்சரிக்கை வசதி இப்போது இருக்கிறது என்பது உண்மை. ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையத்தில் 2007 அக்டோபரில் இருந்து சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. நிலநடுக்கம் வந்த பத்து நிமிட அளவில் முதல் அறிவிப்பு வந்துவிடும். 2012 ஏப்ரல் 11-ல் சுமத்ரா அருகே 8.6 அளவில் ஆடியபோது அந்த அமைப்பு வேலை செய்தது. அன்று தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய சுனாமி வரவில்லை. சென்னைக்கு இது பெரிய பாதுகாப்பு, இரண்டு மணி நேரத்தில் கடற்கரையைக் காலி செய்துவிடலாம். கிரேட் நிக்கோபாருக்கு அந்த இரண்டு மணி நேரம் கிடையாது. அறிவிப்பு கைபேசியில் வரும்போது மேட்டில் பாதி ஏறியிருந்தால்தான் பிழைக்க முடியும். 8,000 பேர், சில கிராமங்கள் என்றால் அதைப் பழக்கிவிடலாம். லட்சக்கணக்கான பேர், அதில் பெரும்பாலோர் வேறு மாநிலங்களில் இருந்து வேலைக்கு வந்தவர்கள் என்றால் எத்தனை சாலை, எவ்வளவு மேடு, எத்தனை ஒத்திகை வேண்டும் என்று கணக்குப் போட வேண்டியிருக்கிறது. கட்டடத்தை 5-வது மண்டல விதிப்படி உறுதியாகக் கட்டிவிடலாம், அது ஆட்டத்தைத் தாங்கும். காலுக்குக் கீழே நிலம் ஒரு மாடி இறங்கினால் அந்த விதிகளில் அதற்கு வழி இல்லை.

கலாத்தியாவையும் தீவின் மேற்குக் கரையையும் வெறும் காடு என்று சொல்வதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அங்கே ஊர்கள் இருந்தன. சிங்கேன், புலோ பஹா, கொகியோன் போன்ற நிக்கோபாரி ஊர்களில் இருந்து தப்பியவர்களை சுனாமிக்குப் பிறகு அரசு கேம்ப்பெல் பே அருகே ராஜீவ் நகர், நியூ சிங்கேன் குடியிருப்புகளில் தங்கவைத்தது. தற்காலிகம் என்று நினைத்துத்தான் வந்தார்கள். எங்கள் பழைய இடத்துக்கே திருப்பி அனுப்புங்கள் என்று ஆண்டுக்கணக்கில் கேட்டுவருகிறார்கள். காட்டை எடுக்கக் கொடுத்த சம்மதத்தை அந்தத் தீவின் பழங்குடி மன்றம் 2022 நவம்பரில் கடிதம் எழுதித் திரும்பப் பெற்றுக்கொண்டது. சுனாமிக்கு முன் தாங்கள் வாழ்ந்த நிலமும் திட்டப் பகுதிக்குள் வருவது தெரிந்த பிறகு எழுதிய கடிதம் அது.

ஆபத்தான இடம் என்று கிளப்பிவிடப்பட்டவர்கள் திரும்பிப் போகக் காத்திருக்கிறார்கள். அதே கரைக்குப் புதியவர்கள் வரத் திட்டம் தயாராகிறது. 2011-க்கு அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1-ம் தேதியைக் கணக்கு நாளாக அரசு அறிவித்திருக்கிறது. சுனாமியில் சுருங்கிய மாவட்டம் திரும்ப நிமிர்ந்ததா, புதிய கூட்டம் வரும் முன் கிரேட் நிக்கோபாரில் யார் யார் இருந்தார்கள் என்பது அதில்தான் தெரியவரும்.